முதல் ஆணி

விஸ்கான்சின்,
அக்டோபர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே சோளம் அறுத்தாயிற்று. காலையில் புல்மேல் உறைபனி. நான் வேலைக்குப் போய்வருகிறேன், சாப்பிடுகிறேன். சர்ச்சிலிருந்து இன்னும் யாராவது எதையாவது சமைத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கொட்டகையின் வடக்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்துவிட்டது. இரும்புக் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்க முடியாதா என்று போனில் கேட்டீர்கள். பாலங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் நானே அளந்து பார்த்தேன்; கயிறு தாங்காது, பிரிக்கத்தான் வேண்டும். சுவர்மேல் கிடந்து தூண்களைத் தாங்கும் அடிமரமும் உளுத்திருக்கிறது. மாடுகள் இருந்தவரை அவற்றின் உடம்புச் சூட்டில் சுவரோரம் மண் உறையாமல் இருந்தது. அவை போன பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் மண் உறைந்து சுவரைத் தள்ளியிருக்கிறது. மாடுகளை விற்றதைக் குறை சொல்லவில்லை மாமா. அந்த முழங்காலோடு இன்னும் எத்தனை நாள் கறந்திருப்பீர்கள்?

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். முதல் ஆள், இயந்திரத்தால் தள்ளிப் பள்ளத்தில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்றான். அனுப்பிவிட்டேன். அடுத்தவன் டுவேன். ஒவ்வொரு உத்தரத்துக்கும் எண் போட்டுப் பிரித்து, மிச்சிகனில் ஒரு குதிரைப் பண்ணையில் அப்படியே நிறுத்துவானாம். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாலம் பாக்குற இன்ஜினியரா நீ? உன் பாலம் ஒண்ணாவது இத்தனை வருசம் நிக்குமா, சொல்லு" என்றான். சிரித்துவிட்டேன். ஜனவரியில் கிர்ஸ்டன் இறந்த பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவனோடு பரணில் ஏறினேன். வைக்கோல் இல்லை, வாசனை மட்டும் இருக்கிறது. நான் முதன்முதலில் வந்த அன்று, ஆபீஸ் ஷூவோடு என்னை அங்கே ஏற்றி வைக்கோல் கட்டு அடுக்கச் சொன்னீர்களே, ஞாபகமிருக்கிறதா? கிர்ஸ்டன் கீழே நின்று, "அப்பா, இவன் செத்தா வேற மாப்பிள்ள நீதான் தேடணும்" என்று கத்தினாள். கறக்கும் நேரத்தில் மாடுகளுக்காக ரேடியோ பாடும், அவளும் சுருதி சேராமல் கூடவே பாடுவாள். அதையும் கேட்டுக்கொண்டு அவை பால் கொடுத்ததே பெரிது.

டுவேனின் வேலையாட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொட்டகையைப் பிரிக்கும்போது முதல் மர ஆணியை அந்தக் குடும்பத்து ஆள்தான் தட்டி எடுக்கவேண்டும். அதுவரை வேறு யாரும் கைவைக்கமாட்டார்கள். திங்கட்கிழமை மரச்சுத்தியலை என்னிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். இது கிர்ஸ்டன் வீட்டுக் கொட்டகை, நான் கல்யாணத்தில் வந்து சேர்ந்தவன், இப்போது அவளும் இல்லை என்றேன். "குடும்பம் இல்லன்னா பின்ன நீ யாருப்பா, வாடகைக்கு இருக்கியா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். பண்ணையை எங்கள் இருவர் பேருக்கும் நீங்கள்தான் எழுதிக்கொடுத்தீர்கள். ஆனால் அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து நாம் வானிலையும் கொட்டகையும் முழங்காலும்தான் பேசுகிறோம்.

வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன். பனி விழும்வரை பொறுத்துக்கொள்வதாக டுவேன் சொல்கிறான்.

ஒருமுறை வாருங்கள் மாமா. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். ஆணியை நீங்கள் எடுத்தாலும் சரி. முழங்கால் ஏணி ஏற விடாவிட்டால், கீழே நின்று "அடிடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்.

உங்கள் மருமகன் என்றே எழுதுகிறேன். நான் அப்படி இல்லையென்றால் நேரில் வந்து சொல்லுங்கள்.

காலின்