நீலப் பெயின்ட்டுக்கு அடியில்

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சுல பூசை முடிஞ்சு, விலைக்கு வந்த பாய்மர வள்ளம் ரெண்டையும் பார்க்க எங்க வீட்டுக்காரக கூட கடற்கரைக்குப் போனேன். ரெண்டும் ஒரே ஆசாரி கட்டினது, ஒரே நீளம். அவுகளால முடிவு பண்ண முடியலை. "நீயே சொல்லுளா"ன்னாக. புதுசா நீலப் பெயின்ட் அடிச்சிருந்ததைக் கைகாட்டினேன். விக்கிற அண்ணாச்சி, "கட்டினதுலேருந்து ஒரே கைதான் ஓட்டினது"ன்னார். அவுக உடனே வாக்குக் குடுத்துட்டாக.

ரெண்டு பேரும் பாயை விரிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னாக. நான் சும்மா முன்பக்கத்துல, வள்ளத்துக்குப் பேர் எழுதுற இடத்தை நகத்தால சுரண்டினேன். உள்ள சிவப்புல ஒரு பேர் தெரிஞ்சுது. அதுக்கடியில மஞ்சள்ல இன்னொண்ணு. அதுக்கும் அடியில வெள்ளையில, யாரோ பெத்த பொண்ணு பேர். இங்கன வள்ளம் கை மாறினாத்தான் பேரை மாத்துவாக. இத்தனை கை ஏன் மாறிச்சு? வித்தாகளா, இல்லை கடல்ல...

நான் வாயே திறக்கலை. கைகாட்டினது நான்தானே. சாப்பிடும்போதாவது சொல்லியிருக்கலாம். அவுக அவ்வளவு சந்தோசமா இருந்தாக.

நகத்துல நீலம் இன்னும் போகலை. காலையில பெயின்ட் டப்பாவோட போறாகளாம், எங்க மக ரோஸ்லின் பேரை அதுமேல எழுத.