சாரலில் ஓடும் ஃபேன்

ஆடி மாதம், வியாழன் இரவு

தைராய்டு திரும்பி வந்துவிட்டது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் விழுங்கினேன். குணமாகிவிட்டது என்று டாக்டரே நிறுத்தினார். இதில் என் தப்பு என்ன?

யாரிடமும் சொல்லவில்லை. ஃபேன் காட்டிக்கொடுத்துவிட்டது. குற்றாலச் சாரலில் எங்கள் ஊர் இலஞ்சியே போர்வைக்குள் கிடக்கிறது. எனக்கு மட்டும் தைராய்டுச் சூட்டில் வியர்த்துப் பனியன் நனைகிறது.

"ஊரே வெறச்சுக் கெடக்கு, ஒங்களுக்கு அஞ்சுல ஃபேன் கேக்குதோ?" என்றாள் என் மனைவி. பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் நடுங்கின.

"திரும்பவும் வந்துட்டுல்லா? நாளைக்கே தென்காசிக்குப் போவோம்."

"ஒண்ணுமில்லட்டி, போய்ப் படு" என்றேன். மறுபடியும் வந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும் என்று மாத்திரையை நிறுத்திய அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். என் கழுத்தில் கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படிப் போனதில்லை.

ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. மறுபடியும் போட்டேன்.

ஹாலில் தரை சில்லென்று இருக்கும். இருமுகிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னும் இருமுகிறாள்.