சாட்டை வாங்கிய கை

மைசூர் மைன்ஸ் லைன்,
கோலார் தங்கவயல்.
1904 பிப்ரவரி, ஞாயிறு.

அன்புள்ள குணசுந்தரிக்கு உன் புருஷன் ஏசுபாதம் எழுதுவது.

கர்த்தர் தயவில் இங்கே உயிருக்குக் குறைவில்லை. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதை உனக்கு வாசித்துக் காட்டும் சாரா அம்மாளுக்கு என் தோத்திரம். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார் என்று தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டியதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், ஒரு கார்டு மிச்சம்.

காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெட்டிய இடம் ஆறிவிட்டது. குளிர் அடித்தால் இல்லாத பாதம் வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் அது அப்படித்தான் என்கிறார். சமையல் நானே செய்துகொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா என் ரசத்தை ருசி பார்த்துவிட்டு, இன்னா தம்பி இது, கால் கழுவின தண்ணியா என்று கேட்டாள். ஒரு காலுக்கு இது போதும் அக்கா என்றேன். அதற்குப் பிறகு அவளே களி உருண்டை கொடுத்தனுப்புகிறாள்.

சுரங்க ஷாப்டில் இறங்கி வேலை செய்யாதவனுக்குக் கம்பெனி லைன் வீடு இல்லை. ஈஸ்டர் வரைக்கும் இருந்துகொள் என்று துரை சொல்லியிருக்கிறார். அதற்குள் ஜட்கா வண்டி கைக்கு வர வேண்டும். பிழைப்புக்கு வழி செய்துகொண்டு வந்து கூப்பிட்டால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமா சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ராபர்ட்சன்பேட்டை வண்டி வியாபாரி ராஜப்பா பின்வாங்கிவிட்டான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே, வம்பு எதற்கு என்று மாமா கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். புதிதாகக் கட்டிய அந்தப் பேட்டையில் நாளுக்கு நாள் கடை பெருகுகிறது, வண்டிக்குக் கிராக்கி ஏறிவிட்டது. சாமான் ஏற்றும் கன்ட்ராக்டர் ஒருவர் நமக்குப் பேசிய வண்டியையும் குதிரையையும் சேர்த்து அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார். ராஜப்பா என்னைக் கூப்பிட்டு, உன் பணம் இந்தா, எடுத்துக்கினு போ என்றான். வியாபாரம் முடிந்துபோனதாயிற்றே என்றேன். எங்கே முடிஞ்சது, சாட்டை உன் கையிலயா கொடுத்தேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு ஊன்றுகட்டையாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். கட்டையை எடுத்தால் நான் விழுந்துவிடுவேன், அதனால் விட்டேன்.

இந்த ஊர் வண்டிக்காரர்களுடைய வழக்கம் மாமாவுக்குத் தெரிந்திருக்காது. விலை பேசி முடிந்தால் விற்கிறவன் சாட்டையை வாங்குகிறவன் கையில் கொடுப்பான். கொடுத்துவிட்டால் முடிந்தது, பிறகு பத்திரம்கூடக் கேட்கமாட்டார்கள். வண்டி வந்து சேரும்வரை சாட்டை வாங்கினவன் வீட்டில்தான் இருக்கும். நாம் விலை பேசி முடித்த அன்றைக்கு என் இரண்டு கையும் கட்டைமேல் இருந்தது. ராஜப்பா சாட்டையை நீட்டிவிட்டு என்னைப் பார்த்தான். நீ குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கையை நீட்டினாய், அவனும் சிரித்துக்கொண்டே கொடுத்தான். மாமா உன்னை ஊருக்கு அழைத்துப்போனபோது சாட்டையும் உன்னோடு வந்துவிட்டது. இப்போது அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். பொம்பளை கையில கொடுத்தது விளையாட்டு, வியாபாரம் இல்லை என்கிறான்.

போன வாரம் கோலாருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பொறுமையான மனிதர். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கோர்ட்டே வேண்டாம் என்றார். இல்லாவிட்டால் வேறு வண்டி வாங்கு, விலை கூடிப்போனால் அந்த வித்தியாசத்தையும் வேலை கெட்ட நஷ்டத்தையும் கேட்டு அவன்மேல் பிராது போடலாம் என்றார். என்ன நஷ்டம் என்று சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார். சம்சாரம் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றேன். அதைக் கோர்ட்டில் நஷ்டமாக எடுத்துக்கொள்ளமாட்டார்களே அப்பா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வண்டியே வேண்டும் என்று கேட்க முடியுமா என்றேன். கடையில் கிடைக்கிற சாமானுக்குக் கோர்ட்டில் பணம்தான் கொடுக்கச் சொல்வார்கள், வேறெங்கும் கிடைக்காத சாமானாக இருந்தால் அதையே கொடு என்று தீர்ப்புச் சொல்வதும் உண்டு என்றார். அந்தக் குதிரை விஷயத்தைச் சொன்னேன். நீதான் பார்த்தாயே. நான் கட்டையைச் சாய்த்துவிட்டு வண்டிச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கி ஏறி உட்காரும்வரை அந்தக் கிழட்டுப் பெண்குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. வேறு மூன்று இடத்தில் வண்டி ஏறிப் பார்த்தேன், மூன்று குதிரையும் நகர்ந்து என்னைக் கீழே தள்ளிவிட்டன. ராஜப்பா அதை வாங்குவதற்கு முன்னால் அது ஒரு குருட்டுப் பாதிரியாரிடம் இருந்ததாம், அவர் தடவித் தடவி ஏறும்வரை நின்று பழகியது. ஒற்றைக் காலனுக்கு இப்படி இன்னொரு குதிரை இந்தச் சீமையில் இல்லை. வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், வழக்கு முடியும்வரை வேறு ஆளுக்கு விற்கக் கூடாது என்று தடையும் கேட்கலாம், ஆனால் வியாபாரம் முடிந்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கு லாயத்தில் நம்மைத் தவிர யாரும் இல்லை. சாட்டை வாங்கிய கை உன்னுடையது. நீ வந்து சொன்னால்தான் உண்டு.

புருஷனுக்குப் பெண்டாட்டி சாட்சி செல்லுமா என்று மாமா கேட்பார். நானும் அதைத்தான் கேட்டேன். பணங்காசு வழக்கில் செல்லும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெண்பிள்ளை கோர்ட்டுப் படி ஏறுவதா என்றும் கேட்பார். அதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சாட்டை எங்கே என்று வக்கீலுடைய குமாஸ்தா ராஜப்பாவைக் கேட்டதற்கு, அந்தப் பொம்பளை கேக்காம எடுத்துக்கினு பூட்டா என்றானாம். என்னை நொண்டி என்றிருந்தால் பொறுத்துக்கொள்வேன், அது உள்ளதுதான். உன்னைத் திருடி என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கு நீயே வந்து, நீயே பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சம்மன் அனுப்பினால் வந்துதானே ஆக வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார். வேண்டாம் என்றேன். கோர்ட்டுச் சேவகன் வாசலில் நின்று கூப்பிட்டு நீ இந்த ஊருக்கு வர வேண்டாம். வர இஷ்டம் இல்லை என்றால் அதையும் சாரா அம்மாளிடம் சொல்லி எழுது. நான் பணத்தை வாங்கிக்கொண்டு என்னவோ செய்துகொள்கிறேன்.

மாமா, சாட்டையை ஆள் மூலம் கொடுத்தனுப்புவதாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் நல்ல மனது எனக்குத் தெரியும். பேசத் தெரிந்த சாட்சி வேண்டும் என்கிறார்கள். நீங்களே கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் தங்கி, நான் இருக்கும் இருப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பார்வதம்மா சமைப்பாள்.

குணசுந்தரி, இப்போதே பிராது போட்டால் மார்ச் முதல் வாரத்தில் விசாரணை இருக்கும் என்கிறார்கள். பௌரிங்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பத்தில் இறங்கு, நான் நிற்பேன். கோர்ட்டு விஷயம் ஒரு நாளில் முடியாது, வாய்தாவுக்குமேல் வாய்தா போடுவார்கள். ஆகையால் குழந்தைக்குத் துணி கொஞ்சம் அதிகமாக எடுத்து வை. வழக்கு ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது, வக்கீலுக்கும் தெரியவில்லை. தோற்றாலும் நீ சொன்னது சொன்னதாக இருக்கும்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். சாட்டையை மட்டும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் ஏசுபாதம்.