ஒன்பதாவது பெயர்

1963 பெப்ரவரி 12, செவ்வாய்

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். படிக்க இயலாத பிள்ளைகள் என்று ஒன்பது பெயர் எழுதி வைத்திருந்தார் தலைமையாசிரியர் செபமாலை. கல்வித் திணைக்களத்திலிருந்து வந்திருக்கும் நான் சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால் பள்ளியிலிருந்து பெயர் நீக்கிவிடுவார்கள். மறுவாரமே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டியதுதான். ஒன்பதாவது பெயர் நாகலெட்சுமி, வயது பத்து. ஒரு வருடமாக வாயே திறப்பதில்லையாம்.

பெப்ரவரி 13

எட்டுப் பேரைப் பார்த்தாயிற்று. ஆறு பேருக்குப் பசி. இருவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. வேறு குறை இல்லை.

நாகலெட்சுமி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. மரத்துண்டுகளைக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுக்கான படத்தைப் பார்த்து அப்படியே அடுக்கினாள். இவளா மந்தம்?

செபமாலை ஐயா வாசலில் வந்து நின்றார். அவள் கைகள் நின்றுபோயின. பாவாடை நனைந்தது.

பெப்ரவரி 14

நாகலெட்சுமியின் குடும்பம் இருக்கும் லயத்துக்குப் போனேன். தாய் அம்மாக்கண்ணு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். போன வருடம் மகள் வாசிக்கும்போது திக்கினாள் என்று ஐயா அவளை விறகு அறையில் பூட்டியிருக்கிறார். மறந்து வீட்டுக்கும் போய்விட்டார். இருட்டிய பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தார்களாம்.

"கத்திக் கத்தித்தான் புள்ளைக்குப் பேச்சு போச்சுங்க டீச்சரம்மா. எழுதிறாதீங்க. அவரு தோட்டத்துத் தொரைக்கு வேண்டியவரு. நாங்க இங்க இருக்கணும்."

பெப்ரவரி 15

ஐயாவிடம் நேரே கேட்டேன். மறுக்கவில்லை.

"இருபத்திரெண்டு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்தத் தனியா இழுத்துக்கிட்டு வர்றேன். நீங்க எழுதினா மூடிருவாங்க. நூத்திப்பத்துப் புள்ளைங்க எங்க போகும்?"

பொய்யில்லை. தோட்ட நிர்வாகத்தார் மூடத்தான் காத்திருக்கிறார்கள். நான் என்னதான் செய்யிறது? ஒரு பிள்ளையா, நூற்றுப்பத்துப் பிள்ளைகளா - இப்படிக்கூடவா யோசிக்கணும்?

பெப்ரவரி 16

அறிக்கை எழுதவில்லை. கை வரவில்லை.

பெப்ரவரி 18, திங்கள்

எழுதிவிட்டேன். யார் பெயரையும் நீக்க வேண்டாம், நாகலெட்சுமியின் பேச்சு நின்றது பூட்டி வைத்ததால் என்று. திணைக்களத்துக்கு அனுப்புமுன் ஐயாவிடமே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். கிழித்துப் போடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்து, 'நடந்தது உண்மை' என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 27

மறுபடியும் அந்தப் பள்ளிக்குப் போனேன். ஐயாவை வட்டவளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பள்ளியை மூடவில்லை. தற்காலிகமாக வந்திருக்கும் ராசம்மா டீச்சர் வகுப்பையே சேர்ந்து வாசிக்கவைத்தார். நாகலெட்சுமி அருகே போய்க் குனிந்தேன். சத்தம் இல்லை. உதடு மட்டும் மற்றவர்களோடு அசைந்தது. ஒரு வரி பிசகவில்லை. பக்கம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே திருப்பினாள்.