புரட்டிப் பார்த்த வண்டி

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

கோவக்காரருக்கு,

ஓசூர்ல சாப்பாடு எப்படின்னு கேக்க மாட்டேன். வண்டி விஷயமாத்தான் எழுதறேன்.

நீங்க உங்க கையாலயே கட்டி, பாதியில போட்டுட்டுப் போன மோட்டார் பைக்குக்கு விலை பேச, உங்க தோஸ்த் இன்பராஜ் அண்ணன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தாளு நின்னபடியே பார்த்துட்டு, "இன்ஜின் மட்டும்தான் உருப்படி, மீதியெல்லாம் காயலான் கடைக்கு"ன்னுட்டான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னிக்குச் சண்டையில நான் சொன்ன அதே வார்த்தைதான், ஆனா அதைச் சொல்ல எனக்குத்தான் உரிமை, அவனுக்கு இன்னா?

கம்பெனியில தோல் தரம் பிரிக்கிறவ நான். அடிப்பக்கம் புரட்டித் தடவிப் பார்க்காம எந்தத் தோலுக்கும் தரம் சொன்னதில்ல. அதனால அவன் போனதும் தரையில படுத்து, ஃபிரேமுக்கு அடியில கையை விட்டுப் பார்த்தேன். யார் கண்ணுக்கும் படாத இடத்துலகூட வெல்டிங்கை வழவழன்னு ராவியிருக்கீங்க.

ஆனா ஒண்ணு கேக்கணும். இது ஒத்தை ஆள் வண்டின்னு ஊரே கேக்கக் கத்திட்டுப் போனீங்களே. அப்போ இடப்பக்கம் அடியில, புடவை கட்டினவ கால் வைக்கிற பலகைக்கு எதுக்கு இடம் விட்டு வெல்டு வச்சீங்க?

வண்டி விக்கிறதுக்கில்லன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். சீட்டுக்கு நல்ல தோலா எடுத்து வச்சிருக்கேன், ரெண்டு பேருக்குத் தாராளமா வரும். அளவெடுக்க ஞாயித்துக்கிழமை வாங்க.

இன்னும் வாய் அடங்காத,
உங்க பொண்டாட்டி