நாற்பதாம் கத்தத்துக்கு நான் சமைக்கவில்லை, ராத்தா

எனக்கு மூத்தவளாகப் பிறந்த, என் உசிருக்குச் சமமான ராத்தாவுக்கு,

நீ கிடக்கும் கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வாயால் சொன்னால் சத்தம் போடுகிறேன் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தால் வாசிக்கட்டும்.

எனக்குக் கோபம். முதலில் உன் மேல்.

பிரஷர் கூடியிருக்கிறது, கிளினிக்கைத் தவறவிட வேண்டாம் என்று அந்த நர்ஸ் எத்தனை தரம் சொன்னா? அன்றைக்குக் கிளினிக் நாள். நம் கூடப்பிறந்த நானா உனக்குப் போன் எடுத்தார். "மகளப் பாக்க பலாபத்வலயில இருந்து மாப்பிள்ளை வீட்டாக்கள் வாராங்க. ஒன்ட கையால வட்டிலப்பம் இல்லாட்டி சரிவராது." நீ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த இனிப்புக்குத் தேங்காய் துருவப் போனாய். அடுப்படியிலேயே விழுந்தாய். நோவுது என்று ஒரு சொல் சொன்னால் என்ன? உனக்கு வாய் இல்லையா?

சரி, சொல்லியிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? "யோசிக்காத." அதுதானே நம் குடும்பத்து மருந்து. தூக்கம் வரவில்லை என்றால், யோசிக்காத. நெஞ்சு படபடக்குது என்றால், யோசிக்காத. டாக்டரும் மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நடங்கள், ஓய்வெடுங்கள் என்றார். யார் வேண்டாம் என்றது? யோசிக்காதே என்றவர்களில் ஒருத்தராவது உன் கையில் இருந்த அகப்பையை வாங்கினார்களா?

நீ போன பிறகு நடந்ததைக் கேள். நானாவும் உன் புருஷனும் யட்டவத்தைக்கு, என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ராத்தாட நாப்பதாம் நாள் கத்தம் வருது. ஓதி முடிய இருவது சஹன் சோறு வைக்கோணும். நீதான் சமைக்கோணும்," என்றார் நானா. ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். எத்தனை வாய் என்று நீயே பார்.

"கூலிக்கு ஆள் பிடிங்க, நானா."

"கூலிக்காரன் சமைச்சா அவட ருசி வருமா? அந்தக் கைப்பக்குவம் ஒன்ட கையிலதானே ஈக்கி."

உன்னைக் கட்டிய மச்சான் கண்ணைத் துடைத்தார். "அவ ஒரு நாளும் ஏலாதுண்டு சென்னதே இல்ல, புள்ள." அதைப் பெருமையாகச் சொன்னார், ராத்தா!

எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. "அவட தலையிடிய வாங்கிக்க ஒத்தரும் வரல்ல. கைய மட்டும் என்ட தலையில கட்டுறீங்களா? இப்ப நான் சொல்றேன், எனக்கு ஏலா!"

நானா எழும்பிச் செருப்பைப் போட்டார். "திமிரு. ராத்தாவப் பாத்துக் கொஞ்சம் படிச்சிருக்கலாம்."

"பாத்துத்தான் படிச்சேன்," என்றேன்.

கத்தத்துக்குப் போனேன். உனக்காக ஓதினேன். ஓதி முடிந்ததும் பெண்களோடு முதல் சஹனில் உட்கார்ந்தேன். நீ எந்த விருந்திலாவது சட்டியைச் சுரண்டாமல், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாயா?

அன்றைக்கு அடுப்படியில் நின்ற மச்சான் சட்டையெல்லாம் தேங்காய்ப்பாலோடு வாசலில் வந்து நின்றார். "புள்ள, வட்டிலப்பம் இறுகல்ல. ஒருக்கா வந்து பாரேன்." எல்லாருடைய கண்ணும் என் மேல். பழக்கத்தில் என் முழங்கால் தானாக எழும்பப் பார்த்தது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களே பாருங்க, மச்சான். ராத்தாவும் பொறக்கக்குள்ளயே படிச்சிக்கிட்டு வரல்லதானே."

கடைசியில் அது தண்ணீராகத்தான் வந்தது. "இது வட்டிலப்பமா, சூப்பா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "சும்மா குடிங்க, கருப்பட்டி போட்டீக்கி," என்றாள் இன்னொருத்தி. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். அதைக் குடித்ததால் யாரும் செத்துப்போகவில்லை, ராத்தா. உன்னுடையது ருசியாக இருக்க வேண்டும் என்றுதான் நீ செத்தாய்.

நானா இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போனை நிறுத்தி, கொஞ்ச நேரம் படுக்கிறேன். முதலில் முடியவே இல்லை. கால் அடுப்படிப் பக்கம் இழுத்தது. யாரோ கூப்பிடுவது போலக் காதில் கேட்டது. சும்மா கிடப்பதைக்கூடப் பழக வேண்டியிருக்கிறது என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

நேற்று என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பதறினார். "என்ன படுத்தீக்கிற? சொகமில்லையா?"

"சொகமாத்தான் ஈக்கிறேன். அதுக்குத்தான் படுத்தீக்கிறேன்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

உனக்கு வாக்குத் தருகிறேன். நோய் வந்தால்தான் ஒரு பெண் பகலில் படுக்கலாம் என்ற சட்டம் என் வீட்டில் இனி இல்லை. என் மகளுக்கும் இல்லை. இன்றைக்கும் கதவைச் சாத்தப் போகிறேன். இந்தக் கோபத்தோடேயே தூங்கப் போகிறேன்.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் வந்த உன் கூடப்பிறந்தவள்,
ரமீஸா