இரண்டாம் வரிசை கிளாரினெட்

ஜூலை 6

என்னங்க,

நலம்தானே? கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தால் வீட்டு ஞாபகமே வருவதில்லை போல. கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று!

நம் வாலு நேற்று வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தாளாம். ஒரு பக்கம் முழுக்க, ஓரிடத்தில்தான் திக்கியிருக்கிறாள். தையல் கூடத்தில் இருந்த எனக்கு டீச்சர் போன் போட்டுச் சொன்னார். மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

எல்லாம் பள்ளி பேண்டில் சேர்ந்த பிறகுதான். கிளாரினெட் ஊதுகிறாள், இரண்டாம் வரிசை. “எங்க மூச்சு எடுக்கணும்னு அதுல பழகிட்டா. அதையே பேசும்போதும் செய்யுறா” என்றார் பேண்டு மாஸ்டர். அரை, கால், அரைக்கால் என்று தாளம் எண்ணி எண்ணிப் பின்னக் கணக்கும் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் உட்காரும் பெண் வீட்டுக்கே வருகிறாள். இவளைத் தேடி ஒருத்தி வருவது இதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு சிக்கல். இனி பேண்டு நேரத்தில் கூடுதல் கணக்கு வகுப்பும் உண்டாம். எது வேண்டும் என்று அப்பாதான் எழுதித் தர வேண்டுமாம். பேண்டே இருக்கட்டும் என்று தலைமையாசிரியைக்கு நாலு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 19

வாலுவின் அம்மாவுக்கு,

நான் சுகம். தலைமையாசிரியைக்கு எழுதிவிட்டேன். கணக்கு வகுப்பில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கோபப்படாதே. எனக்கும் பத்து வயதில் திக்குவாய் போய்விட்டது என்றுதான் வீட்டில் கொண்டாடினார்கள். நாலு மாதத்தில் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கிரேன் கூண்டுக்குள் யாரோடும் பேச வேண்டியதில்லை. கையைக் காட்டினால் போதும். பேச்சு வராதவர்களுக்குக் கணக்குதான் சோறு போடும். எப்படியும் உடையப்போகிற ஆசையை ஏன் வளர்க்க வேண்டும்?

அவள் நல்லதுக்குத்தான்.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 23

என்னங்க,

தலைமையாசிரியையிடம் மூன்று தடவை போய்க் கெஞ்சினேன். “பிள்ளையோட அப்பா எழுதினதை நான் எப்படிம்மா மாத்துறது?” என்றார். கிளாரினெட் பள்ளியுடையது. மறுநாளே வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு வகுப்பு பேண்டு அறைக்குப் பக்கத்து அறை. சுவர் வழியே எல்லாம் கேட்கும். இவள் விரல்கள் மேஜைமேல் அசைகின்றனவாம். கணக்கு டீச்சர் இரண்டு தடவை கண்டித்திருக்கிறார். போன வாரம் பாடம் வாசிக்க எழுந்தவளுக்கு முதல் சொல்லே வரவில்லை. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தோழியும் இப்போது வருவதில்லை. கணக்கில் தோற்றிருக்கிறாள்.

“அப்பா மேல கோவமாடி?” என்று கேட்டேன். வெகுநேரம் போராடிச் சொன்னாள்: “அ... அப்பாவுக்குப் பேச வ... வரலேன்னா, எனக்கும் வரக் கூடாதாம்மா?”

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். உங்களைப் போலவே.

வாலுவின் அம்மா


செப்டம்பர் 11

வாலுவின் அம்மாவுக்கு,

போன வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ‘என் மகளை மறுபடி பேண்டில் சேர்த்துக்குங்க.’ இவ்வளவுதான். தலைமையாசிரியை முன்னால் நின்றபோது ‘எ’ என்பதைத் தாண்ட முடியவில்லை. அவர் பொறுமையாகத்தான் இருந்தார். வாசலில் நின்ற ஆட்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இந்த வருஷம் இடமில்லீங்க. அடுத்த வருஷம் பேண்டே இருக்காது. மாஸ்டரை அனுப்பப் போறாங்க” என்றார்.

வாலு கேட்டாளே, அதற்குப் பதில் சொல்ல வீட்டு வாசல் வரை வந்தேன். வரணும் கண்ணு, உனக்குக் கட்டாயம் பேச்சு வரணும் என்று சொல்ல நினைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நீ தட்டு கழுவிக்கொண்டிருந்தாய். அவள் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குள் இன்னொரு ஊமையாக நுழைய எனக்குக் கால் வரவில்லை.

திரும்பி வந்துவிட்டேன்.